மலையேறும் மூட்டையும் கணிப்பொறியின் கெர்னலும்

திருத்தணி மலைக்குப் படிவழியே ஏறியிருக்கிறீர்களா? ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக 365 படிகள். வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். ரயிலை விட்டு இறங்கும்போது ஆளுக்கு இரண்டு பை இருக்கும். அடிவாரத்துக்கு வந்ததும் கணக்குப் பார்ப்பார்கள். மாற்றுத் துணி வேண்டாம்; பாய் வேண்டாம்; அர்ச்சனைக்குத் தேங்காய் பழம் வேண்டும்; குழந்தையின் பால்புட்டி வேண்டும். வேண்டாதவற்றை விடுதியில் வைத்துவிட்டு ஏறுவார்கள். பாதிப் படியில், "அடடா, பால்புட்டியை விட்டுவிட்டோமே!" என்று நினைவு வந்தால் யாராவது ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஏறத்தாழ இதே வேலையைச் சிறிய கணிப்பொறிகளுக்காகச் செய்கிற பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஒரு வேறுபாடு: அவர்கள் கட்டும் மூட்டை சில சமயம், திரும்பி இறங்கி வர முடியாத இடத்துக்குப் போய்விடும். ஒரு முறை செவ்வாய்க் கிரகத்துக்கே போய், அங்கே தகராறு செய்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

மறைந்திருக்கும் கணிப்பொறிகள்

கணிப்பொறி என்றதும் திரையும் விசைப்பலகையும்தான் உங்கள் கண்முன் வரும். ஆனால் உலகில் உள்ள கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றுக்கு இவை இரண்டும் கிடையாது. அரக்கோணம் பேருந்தில் நடத்துநர் கையில் வைத்திருக்கும் டிக்கெட் இயந்திரம், கடைக்காரரின் மின்னணுத் தராசு, விடுதி வரவேற்பு மேசையின் ஓரத்தில் பச்சை விளக்கை மினுக்கிக் கொண்டிருக்கும் வைஃபை பெட்டி, சுவரில் மாட்டிய கண்காணிப்புக் கேமரா ஆகிய எல்லாவற்றுக்குள்ளும் ஒரு நுண்செயலியும் சிறிது நினைவகமும் பொதிந்திருக்கின்றன. இவற்றைப் 'பொதிந்த கணிப்பொறிகள்' என்று சொல்லலாம்.

மேசைக் கணிப்பொறிக்கு என்ன வேலை வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. காலையில் கட்டுரை எழுதுவீர்கள். மாலையில் படம் பார்ப்பீர்கள். தராசுக்கோ வாழ்நாள் முழுவதும் ஒரே வேலைதான். ஆகவே அதற்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று முதலிலேயே முடிவு செய்துவிட முடியும். முடிவு செய்தே ஆகவும் வேண்டும். ஏனென்றால் அதில் இடம் குறைவு.

எவ்வளவு குறைவு? திருவனந்தபுரத்தில் இயங்கும் சி-டாக் நிறுவனம் 'வேகா' என்ற பெயரில் நுண்செயலிகளை வடிவமைத்துள்ளது. அந்த வரிசையில் 'தேஜஸ்32' என்ற சில்லுக்குள் இருக்கும் நினைவகம் 256 கிலோபைட். உங்கள் கைப்பேசியில் 4 கிகாபைட் நினைவகம் இருந்தால், அதைப் போல 16,384-இல் ஒரு பங்கு! கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு புகைப்படத்தைக்கூட அதில் வைக்க முடியாது.

பருப்பு என்று ஏன் பெயர்?

இயங்குதளம் என்பது பல நிரல்கள் சேர்ந்த ஒரு பெருந்தொகுப்பு. அதன் நடுநாயகமான பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். கொட்டையை உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்பைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். நுண்செயலியின் நேரத்தை எந்த நிரலுக்கு எப்போது தருவது, நினைவகத்தில் எந்தப் பகுதியை யாருக்கு ஒதுக்குவது, வெளியே உள்ள கருவிகளோடு எப்படிப் பேசுவது என்பவற்றையெல்லாம் இந்தப் பருப்புதான் தீர்மானிக்கிறது. மற்ற நிரல்கள் இதனிடம் கேட்டுத்தான் எதையும் பெற வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு வேலையைக் கற்பனை செய்வோம். மலைமேல் ஒரு குடிநீர்த் தொட்டி. அதன் நீர்மட்டத்தை அளந்து, ரேடியோ வழியாக அடிவாரத்துக்குச் சொல்ல வேண்டும். இதற்கு 256 கிலோபைட் சில்லு தாராளமாகப் போதும். 'ஃப்ரீஆர்டிஓஎஸ்' என்ற சிறு கெர்னல் 6 முதல் 12 கிலோபைட் இடத்தில் அடங்கிவிடும். அதை அமைப்பது என்பது ஒரே ஒரு கோப்பில் சில எண்களை எழுதுவதுதான்: விநாடிக்கு எத்தனை முறை கடிகாரம் தட்ட வேண்டும், வேலைகளுக்கு எத்தனை முன்னுரிமை நிலைகள், கேட்கும்போது எடுத்துக் கொடுக்க எவ்வளவு நினைவகத்தை ஒதுக்கி வைப்பது.

எளிதாகத் தெரிகிறது அல்லவா? சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒவ்வொரு வேலைக்கும் 'அடுக்கு' என்ற ஒரு குறிப்பேட்டை நாம்தான் அளந்து கொடுக்க வேண்டும். வேலை நடக்கும்போது இடைக்கணக்குகள் அதில் எழுதப்படும். அளவு போதாவிட்டால் எழுத்து வழிந்து பக்கத்து வேலையின் நினைவகத்தில் போய் விழும். தவறு செய்தது ரேடியோ வேலை. கெட்டுப்போவது நீர்மட்ட வேலை. காரணத்தைக் கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகும்.

இதற்கு அழகான ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். தொடங்கும்போதே குறிப்பேடு முழுவதும் ஒரே எண்ணை நிரப்பி வைத்துவிடுவார்கள். சில நாள் ஓடிய பிறகு, அந்த எண் அழியாமல் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். ஆற்றுப் பாலத்தின் தூணில் சேறு படிந்த கோட்டைப் பார்த்து, வெள்ளம் எவ்வளவு உயரம் வந்து போயிற்று என்று சொல்வதில்லையா? அதே முறைதான். ஆங்கிலத்தில் இதற்கு வெள்ளக் குறி என்ற பொருளிலேயே பெயரும் வைத்திருக்கிறார்கள்.

லினக்ஸ் வேண்டும் என்றால்

தொட்டிக்குப் பதிலாக ஒரு கேமராவை வைத்து, படத்தை வலைப்பின்னல் வழியே அனுப்ப வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். இப்போது கோப்புகள், வலைப்பின்னல், பாதுகாப்பு எல்லாம் வேண்டும். சிறு கெர்னல் போதாது. லினக்ஸ் போன்ற ஒரு முழுக் கெர்னலை நாட வேண்டியதுதான். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய கெர்னல் இது. எவரும் மூல நிரலை எடுத்து, தமக்கு வேண்டியபடி அமைத்துக் கொள்ளலாம்.

இதற்கு நம் அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. திருத்தணியிலிருந்து சுமார் 85 கிலோமீட்டரில் உள்ள சென்னை ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் வி. காமகோடியின் குழு 'சக்தி' என்ற நுண்செயலி வரிசையை உருவாக்கியது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் பிறந்த, எவருக்கும் உரிமைக் கட்டணம் தர வேண்டாத 'ரிஸ்க்-ஃபைவ்' கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது சக்தி. 2018-இல் இன்டெல் நிறுவனத்தின் அமெரிக்க ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் செய்த சக்திச் சில்லு லினக்ஸை ஏற்றி ஓட்டியது. அதே ஆண்டில் சண்டிகரில் உள்ள அரசு ஆலையிலும் 180 நானோமீட்டர் நுட்பத்தில் ஒரு சக்திச் சில்லு தயாரானது.

சக்தியில் பல வகுப்புகள் உண்டு. 'இ' வகுப்பு சிறு கருவிகளுக்கானது. அதில் ஃப்ரீஆர்டிஓஎஸ் போன்றவை ஓடும். 'சி' வகுப்பில் லினக்ஸ் ஓடும். இரண்டையும் பிரிக்கும் முக்கியமான உறுப்பு, நினைவக மேலாண்மைப் பகுதி.

அது என்ன செய்கிறது? விடுதியில் பைகளை வைக்கும் அறையை நினைத்துக் கொள்ளுங்கள். உங்களுக்கு 12 என்று ஒரு டோக்கன் தருகிறார்கள். பை உண்மையில் எந்த அலமாரியின் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அறைக்காரர் ஏட்டைப் பார்த்து எடுத்துத் தருவார். வேறொருவரின் பையை நீங்கள் தொட முடியாது. நிரல் சொல்லும் முகவரிதான் டோக்கன். உண்மையான நினைவக இடம்தான் தட்டு. இடையில் நின்று ஏட்டைப் பார்ப்பவர்தான் நினைவக மேலாண்மைப் பகுதி. இந்த ஆள் இல்லாத சிறு சில்லுகளில் எல்லோரும் நேரே அறைக்குள் நுழைந்து தாமே பையை எடுத்துக் கொள்ள வேண்டியதுதான். வேகமாக வேலை முடியும். ஆனால் ஒருவர் தவறான பையை எடுத்தால் தடுப்பார் இல்லை.

ஆள் இல்லாமலும் லினக்ஸை ஓட்டலாம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சீன நிறுவனம் ஒன்று வடிவமைத்த கே210 என்ற ரிஸ்க்-ஃபைவ் சில்லில் உள்ள நினைவகம் 8 மெகாபைட். 2020-இல் அதற்கான ஆதரவு லினக்ஸில் சேர்க்கப்பட்டது. ஓடுகிறது, ஆனால் இறுக்கிப் பிடித்துக் கொண்டு ஓடுகிறது.

பதினைந்தாயிரம் கேள்விகள்

லினக்ஸ் கெர்னலை அமைக்கும்போது அது உங்களைக் கேள்வி கேட்கும். மொத்தம் 15,000-க்கும் மேற்பட்ட தேர்வுகள்! பலவற்றுக்கு மூன்று விடைகள் உண்டு: 'ஆம்', 'இல்லை', 'தனியாக வை'. 'ஆம்' என்றால் அந்தப் பகுதி கெர்னலோடு சேர்ந்துவிடும். 'தனியாக வை' என்றால் வட்டில் ஒரு கோப்பாக இருக்கும். தேவைப்படும்போது ஏற்றிக் கொள்ளலாம். இத்தனைக்கும் ஒருவரே உட்கார்ந்து பதில் சொல்வதில்லை. இன்ன நுண்செயலிக்கு இவை என்று முன்பே தொகுத்த பட்டியலை எடுத்துக் கொண்டு, வேண்டாதவற்றைக் கழிப்பார்கள். கெர்னலிலேயே 'மிகச் சிறியது' என்று ஒரு பட்டியலும் உண்டு. ஆனால் அதை அப்படியே ஓட்டினால் பயனுள்ள வேலை எதையும் செய்யாது. அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொண்டு வருவது ஒரு வழி.

கேமராவுக்கு ஒலி வேண்டுமா? இல்லை. ஒரே நுண்செயலிதானே, பல நுண்செயலிகளை மேய்க்கும் பகுதி எதற்கு? இல்லை. இப்படிக் கழித்துக் கொண்டே வரலாம். சில தேர்வுகளில் மட்டும் எண் கேட்கும். கெர்னல் தன் செய்திகளை எழுதி வைக்கும் இடம் எவ்வளவு என்று ஒரு கேள்வி. அதற்குப் பைட் கணக்கில் பதில் சொல்லக் கூடாது. இரண்டின் அடுக்கைச் சொல்ல வேண்டும். 17 என்றால் 2-இன் 17-ஆம் அடுக்கு, அதாவது 128 கிலோபைட். 12 என்றால் 4 கிலோபைட். நீங்கள் படிக்கும் அடுக்குக்குறி விதிகள் இங்கே நேரடியாக வந்து நிற்கின்றன.

கடிகாரத் தட்டலும் ஒரு தேர்வு: விநாடிக்கு 100, 250, 300 அல்லது 1000 முறை. நுண்செயலி 50 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்றும், ஒவ்வொரு தட்டலையும் கவனிக்க 2,000 சுற்று ஆகிறது என்றும் வைத்துக் கொள்ளுங்கள். 1000 தட்டல் என்றால் 20 லட்சம் சுற்று. ஐந்து கோடியில் நூற்றுக்கு 4 பங்கு. 100 தட்டல் என்றால் நூற்றுக்கு 0.4 பங்குதான். வேகமான மேசைக் கணிப்பொறியில் யாரும் கண்டுகொள்ளாத செலவு, இங்கே கணக்கில் வருகிறது.

'தனியாக வை' என்ற விடையில் ஒரு பொறி இருக்கிறது. சேமிப்புக் கருவியைப் படிக்கத் தெரிந்த பகுதியையே 'தனியாக வை' என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அந்தக் கோப்பு சேமிப்புக் கருவிக்குள் இருக்கும். அதைப் படிக்க அந்தக் கோப்பு வேண்டும். பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்ட கதை! கெர்னல் எழுந்து, தன் வீட்டு வாசலைக் காணாமல், 'பேனிக்' என்று ஒரு வரியை எழுதிவிட்டு நின்றுவிடும். அதிலும், தொடர்வழிச் செய்தி வெளியீட்டுக்கு 'இல்லை' என்று சொல்லியிருந்தால் அந்த ஒரு வரியும் உங்களுக்குத் தெரியாது. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று செய்தி வெளியீட்டை முதலில் வெட்டுகிறவர்கள் உண்டு. அதைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும் என்பது என் கருத்து.

கெர்னலுக்கு நினைவகம் எங்கே இருக்கிறது என்றும் சொல்லித் தர வேண்டும். சக்தி 'சி' வகுப்பைச் சோதித்துப் பார்க்கும் ஒரு பலகையில் 256 மெகாபைட் நினைவகம் உண்டு. அது முகவரி சுழியிலிருந்து தொடங்குவதில்லை. பதினாறடிமான முறையில் 80000000 என்ற முகவரியில், அதாவது சரியாக 2 கிகாபைட் தொலைவில் தொடங்குகிறது. இந்த விவரம் எல்லாம் 'கருவி மரம்' என்ற பட்டியலில் இருக்கும். அதில் 256 என்பதற்குப் பதில் 512 என்று எழுதிவிட்டால், இல்லாத அறைக்கு டோக்கன் கொடுத்தது போல் ஆகும். சில நேரம் தொடக்கத்திலேயே நின்றுவிடும். சில நேரம் ஒழுங்காக ஓடுவது போல் ஓடி, வேலை கூடும்போது நிற்கும். இரண்டாவது வகைதான் கொடுமை.

256 மெகாபைட் முழுவதும் நிரல்களுக்குக் கிடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். லினக்ஸ் நினைவகத்தை 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரிக்கிறது. 256 மெகாபைட்டில் 65,536 பக்கங்கள். 64 பிட் கெர்னல் ஒவ்வொரு பக்கத்துக்கும் பொதுவாக 64 பைட்டில் ஒரு குறிப்பு வைத்துக் கொள்ளும். பெருக்கிப் பாருங்கள்: 4 மெகாபைட். கணக்கு எழுதும் ஏட்டுக்கே அவ்வளவு!

இதில் பணமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. 2002-இன் இறுதியில் வெளிவந்த லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை பெட்டியில் 4 மெகாபைட் பிளாஷும் 16 மெகாபைட் நினைவகமும் இருந்தன, உள்ளே லினக்ஸ். 2005-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இரண்டையும் பாதியாகக் குறைத்தார்கள். லினக்ஸுக்கு இடம் போதவில்லை. 'விஎக்ஸ்வொர்க்ஸ்' என்ற வேறு கெர்னலைப் போட்டார்கள். லினக்ஸ்தான் வேண்டும் என்றவர்களுக்குப் பழைய அளவு நினைவகத்தோடு வேறொரு பெயரில் தனியாக விற்றார்கள்.

செவ்வாயில் ஒரு தவறான தேர்வு

அதே விஎக்ஸ்வொர்க்ஸ் கெர்னல்தான் அமெரிக்காவின் 'ஸ்பிரிட்' ஊர்தியிலும் இருந்தது. ஸ்பிரிட் 2004 ஜனவரி 4 அன்று செவ்வாயில் இறங்கியது. அதன் நினைவகம் 128 மெகாபைட். அது போக, படங்களையும் அளவீடுகளையும் சேமிக்க 256 மெகாபைட் பிளாஷ். பதினேழு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஜனவரி 21 அன்று ஊர்தியின் பேச்சு நின்றுவிட்டது. பிறகு அவ்வப்போது பொருளற்ற முனகல்கள் மட்டும் வந்தன.

கலிபோர்னியாவில் இருந்த பொறியாளர்கள் கண்டுபிடித்தது இது: ஊர்தி அறுபது தடவைக்கும் மேல் தன்னைத் தானே மறுதொடக்கம் செய்து கொண்டிருக்கிறது. இரவில் தூங்கவும் இல்லை. மின்கலம் தீர்ந்து கொண்டிருந்தது.

காரணம் என்ன? பிளாஷில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் நினைவகத்தில் ஒரு குறிப்பு வேண்டும். பூமியிலிருந்து கிளம்பிய ஏழு மாதப் பயணத்தில் சேர்ந்த கோப்புகள் அழிக்கப்படாமல் இருந்தன. செவ்வாயில் மேலும் சேர்ந்தன. குறிப்பேடு பெருத்துக் கொண்டே போயிற்று. இங்கே இரண்டு தேர்வுகள் தவறாக அமைந்திருந்தன. ஒன்று, கோப்புகளைக் கவனிக்கும் பகுதி எவ்வளவு நினைவகம் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம் என்று விட்டிருந்தது, வரம்பு இல்லை. மற்றொன்று, நினைவகம் தீர்ந்த பின் எந்த வேலை மேலும் கேட்கிறதோ அந்த வேலையை அப்படியே நிறுத்தி வை என்று இருந்தது. 'இல்லை' என்று பதில் சொல்லியிருந்தால் அந்த வேலை வேறு வழி பார்த்திருக்கும். நிறுத்தி வைத்ததால், முக்கியமான வேலை ஒன்று நின்றுவிட்டதைக் கண்ட காவல் நிரல் மறுதொடக்கத்துக்கு ஆணையிட்டது. எழுந்ததும் முதல் வேலையாகப் பிளாஷைத் திறந்தது. அதே கோப்புகள், அதே குறிப்பேடு, அதே பற்றாக்குறை. மீண்டும் மறுதொடக்கம்.

கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் போய்ப் பெட்டியைத் திறக்க முடியாது. ஆனால் வடிவமைத்தவர்கள் ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள்: பிளாஷைத் தொடாமல், நினைவகத்தை மட்டும் வைத்துக் கொண்டு எழுந்திரு என்று ஆணையிட ஒரு வழி. அந்த ஆணையை அனுப்பினார்கள். ஊர்தி எழுந்து பேசியது. பழைய கோப்புகளை அழித்தார்கள். பிப்ரவரியில் பிளாஷைப் புதிதாக வடிவமைத்தார்கள். 90 செவ்வாய் நாள்களுக்கு என்று அனுப்பிய ஸ்பிரிட், 2010 மார்ச் வரை பேசிக் கொண்டிருந்தது.

விண்வெளிக்கான நுண்செயலிகள் நம் நாட்டிலும் உருவாகி வருகின்றன. திருவனந்தபுரத்தில் உள்ள இஸ்ரோவின் நிலைமக் கருவிப் பிரிவும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து, சக்தியை அடிப்படையாகக் கொண்ட 'ஐரிஸ்' என்ற சில்லை உருவாக்கியிருப்பதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தன. சில்லு சண்டிகரில் தயாரானது, கர்நாடகத்தில் உறையிடப்பட்டது, அச்சுப்பலகை குஜராத்தில் செய்யப்பட்டது, சென்னையில் பொருத்தப்பட்டு, ஐ.ஐ.டி.யில் முதன்முதலாக உயிர் பெற்று எழுந்தது.

நீங்களே செய்து பார்க்க

லினக்ஸ் உள்ள ஒரு கணிப்பொறி கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். தமிழக அரசு முன்பு பள்ளி மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் 'பாஸ்' என்ற லினக்ஸ் இருந்தது. உங்கள் அண்ணனோ அக்காளோ பத்திரமாக வைத்திருந்தால் அதுவே போதும். 'பூட்' என்ற அடைவைத் திறந்தால் 'கான்ஃபிக்' என்று தொடங்கும் பெயரோடு ஒரு கோப்பு இருக்கும். அதுதான் அந்தக் கெர்னலிடம் கேட்ட கேள்விகளுக்கு யாரோ சொன்ன விடைகள். சாதாரண எழுத்துக் கோப்புதான். படிப்பதால் எதுவும் கெடாது, மாற்றாமல் மூடிவிடுங்கள். அதில் கடிகாரத் தட்டல் எத்தனை, செய்தி இடத்தின் அடுக்கு எத்தனை என்று தேடுங்கள். பிறகு 'ப்ராக்' அடைவில் 'மெம்இன்ஃபோ' என்ற கோப்பைத் திறந்து முதல் வரியில் உள்ள மொத்த நினைவகத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். விற்றவர் சொன்ன அளவைவிட அது குறைவாக இருக்கும். அந்த வித்தியாசத்தில் பக்கக் குறிப்புகளுக்கு மட்டும் எவ்வளவு போயிருக்கும் என்பதை மேலே கொடுத்த கணக்கின்படி போட்டுப் பாருங்கள்.